நாற்பது நாள் கீரை

சேசு மரி சூசை

சாந்தோம், சென்னை
ஜூன் 15, ஞாயிறு

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு அப்பா எழுதுறது. நானும் அம்மாவும் இங்க சுகம், அங்க நீயும் மாப்பிள்ளை டெரிக்கும் வயித்துல இருக்கிற பிள்ளையும் சுகமா இருக்கணும்னு தினம் மாதாகிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம். சுகம்னு எழுதுறது கடுதாசி வழக்கத்துக்காக இல்ல கண்ணு, இன்னைக்குத் தேதிக்கு நிஜமாவே சுகம், அதை மேலயே சொல்லி வெச்சுடறேன், ஏன்னா கீழ படிக்கப் படிக்க உனக்குப் பதறும். அம்மா இப்ப அடுப்படியில முக்காலி போட்டு உக்காந்து நெத்திலி ஆய்ஞ்சிக்கிட்டு ஏதோ மாதா பாட்டை வாய்க்குள்ள முனகிக்கிட்டு இருக்கா, எனக்கு ஹால் வரைக்கும் கேக்குது. தினம் வாட்ஸப்புல மூஞ்சியப் பாத்துப் பேசுறோமே, இந்த மனுஷன் எதுக்குப் பேனாவ எடுத்தாருன்னு நினைப்ப. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இதைச் சொல்ல எனக்கு வாய் வரல, அதான் காரணம். மூணு தடவ ஆரம்பிச்சேன், மூணு தடவையும் இங்க வெயில் கொளுத்துது, அங்க குளிர் எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வெச்சுட்டேன். பேப்பர்ல எழுதினா நானும் பேச்சை மாத்த முடியாது, நீயும் நடுவுல அழுது என்னை நிறுத்த முடியாது.

முதல்ல நீ கேட்டதுக்குப் பதில். ரத்தத்துல இரும்பு கம்மியா இருக்குன்னு டாக்டர் சொன்னதா சொன்ன, அங்க கடையில விக்கிற சில்வர்பீட்னு ஒரு கீரையோட போட்டோ அனுப்பி இதைக் கடையலாமாப்பான்னு கேட்டிருந்த. தாராளமா கடையலாம். அந்த வெள்ளைத் தண்டைத் தனியா நறுக்கி எடுத்து வை, அது வேக நேரமாகும், சாம்பார்ல போட்டா நம்ம கீரைத்தண்டு மாதிரியே இருக்கும். இலைய மூணு தண்ணியில அலசு, ஆனா தண்ணியச் சாய்க்காத, கீரைய மேலாக்க அள்ளி எடு, சாய்ச்சா அடியில தங்கின மண்ணு திரும்பக் கீரை மேலயே வந்து உக்காந்துக்கும். நான் முதல் வாரம் அப்படித்தான் பண்ணி அம்மா பல்லுல நறநறன்னுச்சு, அவ ஒண்ணும் சொல்லல, எனக்கு என் தட்டுல கடிபட்டப்பதான் தெரிஞ்சுது. பாசிப்பருப்பு ஒரு கைப்பிடிய குழைய வேக வெச்சு, நாலு பல் பூண்டு, ரெண்டு பச்சமிளகா, கொஞ்சம் சீரகம் போட்டு, அதுல கீரையப் போட்டு மூடாம வேக வை, மூடினா பச்சை நிறம் செத்துடும், அஞ்சாறு நிமிஷம் போதும். உப்பு கடைசியிலதான், கீரை சட்டி நிறைய இருக்கிறதப் பாத்து அதுக்குத் தக்க உப்பு போட்டா, வெந்து ஒரு பிடியா சுண்டினதும் வாயில வைக்க முடியாது. மத்து இல்லேன்னா கரண்டி முதுகால மசி, மிக்சியில அடிக்காத, பசையாயிடும். இறக்கினதும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழி, ருசிக்கு மட்டும் இல்ல, கீரையில இருக்கிற இரும்பு உடம்புல ஒட்டணும்னா வைட்டமின் சி கூடப் போகணும். சாப்பிட்ட கையோட டீ குடிக்கிற பழக்கம் உனக்கு உண்டு, அதை விடு, ஒரு மணி நேரம் போகட்டும், டீ அந்த இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு விடாது.

அந்த இந்தியன் கடையில ஐஸ்ல வெச்ச முருங்கைக்கீரை வருதுன்னியே, அது வந்தா விடாத. பாலக், சில்வர்பீட் எல்லாத்துலயும் இரும்பு இருக்கு, ஆனா அதுலயே ஆக்சலேட்னு ஒண்ணு இருந்து சுண்ணாம்புச் சத்தை உறிய விடாமத் தடுக்கும், முருங்கையில அந்தத் தொல்லை கம்மி, சுண்ணாம்புச் சத்தும் ஏ வைட்டமினும் அதுல ஏராளம். உரிச்ச சின்ன வெங்காயம், காஞ்ச மிளகா தாளிச்சு கீரையப் போட்டுப் பிரட்டி ஒரு முட்டைய உடைச்சு ஊத்தினா மாப்பிள்ளை கூட சாப்பிடுவாரு. அடை மாவுல ரெண்டு கை தூவலாம், சப்பாத்தி மாவுல பிசையலாம். பச்சையா கிடைச்சா அந்த இளசுக் காம்பைத் தூக்கிப் போடாத, மிளகு, சீரகம், பூண்டோட தட்டிப் போட்டு ரசம் வெச்சா அதுதான் ஈர்க்கு ரசம், சளிக்குக் கண்கண்டது. நான் வெயில் படாம நிழல்ல உலர்த்திப் பொடி பண்ணி அனுப்பலாம்னு பாத்தேன், உங்க ஊரு ஏர்போர்ட்ல இலை தழை ஒண்ணையும் உள்ள விடமாட்டாங்கன்னு கீழ் வீட்டு ரெஹான் சொல்லிட்டான். எல்லாம் சரி, ஆனா ஒண்ணு, டாக்டர் குடுத்த இரும்பு மாத்திரைய விட்டுட்டுக் கீரைய நம்பாத. கீரை சாப்பாடு, மாத்திரை மாத்திரை. மருந்துப் படிப்பு படிச்சு அங்க ஆஸ்பத்திரி பார்மசியில உக்காந்திருக்கிறவளுக்கு இதை நான் சொல்றேன் பாரு. நாலு மாசத்துக்கு முன்னாடி இந்த வரிய என் கை எழுதியிருக்காது.

இப்ப விஷயத்துக்கு வரேன். போன நவம்பர்ல அம்மாவுக்கு வால்வு மாத்தினப்ப நீ பக்கத்துலயே இருந்த, ஜனவரியில கிளம்பிப் போன. அம்மா மார்க்குள்ள அந்த உலோக வால்வு டிக்கு டிக்குன்னு அடிக்கிறது மத்தியானம் ஃபேன நிறுத்தினா எனக்கே கேக்கும். ரத்தம் உறைஞ்சு அந்த வால்வுல கட்டிடக் கூடாதுன்னு தினம் ஒரு மாத்திரை, மாசம் ஒரு தடவ ஐ.என்.ஆர்னு ரத்த டெஸ்ட். உனக்குத் தெரியாததில்ல, மாப்பிள்ளையும் படிப்பாருன்னு எழுதறேன், அந்த நம்பர் ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல நிக்கணும், கீழ இறங்கினா ரத்தம் கட்டும், மேல ஏறினா ரத்தம் நிக்காது. பிப்ரவரி கடைசியில ரெண்டு புள்ளி எட்டு, டாக்டரம்மா நீரஜா சபாஷ்னாங்க. உயிரைத் திருப்பிக் குடுத்த ஆண்டவருக்கு நன்றியா இந்தத் தவக்காலம் நாப்பது நாளும் சுத்த சைவம்னு அம்மா வேண்டிக்கிட்டா. நம்ம வீடு எப்படின்னு உனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை ஒரு நாள் கவிச்சி இல்லாம இருக்கிறதுக்கே நான் அடுப்படிய எட்டிப் பாத்துக்கிட்டு இருப்பேன். விபூதிப் புதனன்னைக்கு ஃபாதர் பிரசங்கத்துல, இந்த நாப்பது நாள்ல நீங்க எதை விடப்போறீங்கன்னு கேட்டார். நான் யோசிச்சேன். குடிக்கிறது இல்ல, பீடி சிகரெட்டு இல்ல, விடுறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு. அப்புறம்தான் உறைச்சுது, சோபாவுல உக்காந்துக்கிட்டு லூயிசா தண்ணின்னு கேக்கிறத விடலாம். நாப்பது நாளும் மத்தியானச் சமையல் என்னுதுன்னு அன்னைக்கே அம்மாகிட்ட சொன்னேன், அவ சிரிச்சா, மார்ல தையல் போட்ட இடத்தை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு சிரிச்சா.

அன்னைக்கு சாயங்காலம் நீ போன் பண்ணின, ஞாபகம் இருக்கும். சைவம்னா என்னப்பா பண்ணுவீங்கன்னு கேட்ட, வேற என்ன, கீரைதான், கீரைக்காரி தேவானை கூடை நிறையக் கொண்டுவரா, தினம் ஒரு கீரைன்னு நான் பெருமையா சொன்னேன். நீ உடனே, அப்பா, அம்மா சாப்பிடற மாத்திரைக்கும் கீரைக்கும் ஆகாது, திடீர்னு தினமும் குடுக்காதீங்க, வழக்கமா எவ்வளவோ அவ்வளவுதான், இல்லேன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்கன்ன. நான் என்ன சொன்னேன்னு உனக்கு மறந்திருந்தாலும் எனக்கு மறக்கல. முப்பத்தோரு வருஷம் பயாலஜி எடுத்தவனுக்கு நீ கீரைப் பாடம் நடத்துறியா, கீரை சாப்பிட்டுக் கெட்டவன் எவன்டின்னு கேட்டு, சிரிச்சுட்டு, பேச்சை உன் வேலைக்கு மாத்திட்டேன். நீ சொன்னத அம்மாகிட்டயும் சொல்லல. கொழுப்புல கரையிற வைட்டமின் ஏ, டி, ஈ, கே, அதுல கே ரத்தம் உறையறதுக்குன்னு எத்தனை ஒன்பதாங்கிளாஸ் பசங்களைப் பெஞ்சு மேல ஏத்திச் சொல்ல வெச்சிருப்பேன். கீரையில கே ஜாஸ்தின்னும் நானே போர்டுல எழுதியிருக்கேன். ரத்தத்தை உறைய விடாத ஒரு மாத்திரையையும், உறைய வைக்கிற கீரையையும் ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல குடுக்கிறோமேன்னு என் மண்டையில ஏறவே இல்ல. பாடம் எல்லாம் போர்டோட நின்னுடுச்சு ஜொவி, தட்டுக்கு வரல.

தேவானைய உனக்குத் தெரியாது, நீ போனப்புறம் நம்ம தெரு முனையில உக்கார ஆரம்பிச்சவ. ஆத்தோரத்துல குடியிருந்தவங்களை எல்லாம் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினாங்களே, அதுல போனவ, அங்கேர்ந்து விடியக்காலை பஸ் பிடிச்சு வரா. திங்கள் அரைக்கீரை, செவ்வாய் முருங்கை, புதன் சிறுகீரை, வியாழன் மணத்தக்காளி, வெள்ளி பசலை, சனி முளைக்கீரை, ஞாயிறு திரும்ப முருங்கைன்னு டைம்டேபிள் போட்டு ஃபிரிட்ஜ் மேல ஒட்டினேன், பள்ளிக்கூடத்துல ஒட்டுற மாதிரியே. முதல் வாரம் மண்ணு, ரெண்டாவது வாரம் உப்பு, மூணாவது வாரத்துலேர்ந்து நல்லாவே வந்துச்சு. அம்மாவ நாற்காலியில உக்கார வெச்சு நான் பரிமாறுவேன், அவ ரெண்டு கரண்டி வாங்கிக்குவா, நான் மூணாவது போடுவேன், ரத்தம் ஊறணும் சாப்பிடுன்னு. ஒரு நாள் கூட வேணாம்னு சொன்னதில்ல. மார்ச் கடைசியில டெஸ்ட் எடுக்க வேண்டிய நாள், கோயில்ல மூணு நாள் தியானம்னு தள்ளிப் போட்டேன், அப்புறம் வெயில்னு தள்ளிப் போட்டேன். இவ்வளவு சத்தா சாப்பிடறவளுக்கு டெஸ்ட் என்ன அவசரம்னு என் மனசுக்குள்ள ஒரு மிதப்பு, அதையும் மறைக்காம எழுதிடறேன்.

குருத்து ஞாயிறு பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்து அம்மா குருத்தோலைய எப்பவும் போல சிலுவையா மடிச்சிக்கிட்டு இருந்தா. நான் அடுப்புல முருங்கைக்கீரைய வதக்கிக்கிட்டே, தேங்கா போடட்டுமான்னு கேட்டேன், பதில் வரல. திரும்பிப் பாத்தா ஓலை கீழ கிடக்கு, வலது கை மடியில துவண்டு கிடக்கு, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு என்னைப் பாத்து ஏதோ சொல்றா, சொல்லு வரல, வெறும் சத்தம்தான் வருது. அவ கண்ணுல இருந்த பயத்தை நான் நாப்பது வருஷத்துல பாத்ததில்ல கண்ணு, உன்னைப் பெத்தப்ப கூட பாத்ததில்ல. ரெஹான் கார எடுத்தான், அவன் இல்லேன்னா நான் தெருவுல நின்னு கத்தியிருப்பேன். அடையாறு பாலம் தாண்டுறதுக்குள்ள கை கொஞ்சம் அசைஞ்சுது, ஆஸ்பத்திரி வாசல்ல என் பேரைச் சொன்னா, முழுசா சொன்னா. மொத்தமே பத்து நிமிஷம் இருக்கும். சின்ன ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைச்சுட்டுத் தானா விலகியிருக்கு, அடுத்தது இப்படி விலகும்னு சொல்ல முடியாதுன்னாங்க. ஐ.என்.ஆர் பாத்தா ஒண்ணு புள்ளி நாலு.

நீரஜா டாக்டரம்மா மாத்திரை விட்டுட்டாங்களான்னு கேட்டாங்க, ஒரு வேளை கூட விடலன்னேன். சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களான்னு கேட்டாங்க. நான் அப்பவும் பெருமையாத்தான், திங்கள் அரைக்கீரை, செவ்வாய் முருங்கைன்னு ஆரம்பிச்சேன். வியாழக்கிழமைக்கு வரும்போது அவங்க பேனாவக் கீழ வெச்சுட்டாங்க. அப்புறம் மெதுவா விளக்கினாங்க, நீ ரெண்டு நிமிஷத்துல சொன்னதையேதான். சொல்லி முடிச்சுட்டு, இதை உங்களுக்கு யாருமே சொல்லலையா சார்னு கேட்டாங்க. அம்மா கட்டில்ல கண்ணை மூடிப் படுத்திருந்தா. நான் இல்லம்மா, யாரும் சொல்லலன்னேன். அறுபத்தேழு வயசுல, உன் அம்மா கையில ஊசி ஏறிக்கிட்டு இருக்கும்போது, உன்னை இல்லாதவளாக்கிப் பொய் சொன்னேன். இதைச் சொல்லத்தான் ஜொவி இந்தக் கடுதாசி, மத்த எதுவும் இல்ல.

ஈஸ்டருக்கு முன்னாடி பெரிய வாரத்துல, அம்மாவுக்கு வைரல் காய்ச்சல்னு உன்கிட்ட சொன்னோமே, அது இதுதான். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு பயந்துடுவான்னு அம்மா சத்தியம் வாங்கிட்டா, எனக்கும் அது வசதியா இருந்துச்சு. பெரிய வியாழன் அன்னைக்கு வீட்டுக்கு வந்தோம், மாத்திரை அளவைக் கூட்டிக் குடுத்தாங்க. கீரைய அளவா வெச்சுக்கங்கன்னும் சொல்லித்தான் அனுப்பினாங்க, என் காதுல கீரைங்கிறது மட்டும்தான் விழுந்துச்சு. வந்த உடனே ஃபிரிட்ஜ்ல இருந்த கீரைக்கட்டெல்லாம் குப்பையில போட்டேன், டைம்டேபிளக் கிழிச்சேன், கறிவேப்பிலையக் கூட ரசத்துலேர்ந்து பொறுக்கி எறிஞ்சேன். தேவானை கூடையோட வாசல்ல வந்து நின்னா, இனிமே இந்தப் பக்கம் வராதன்னு சொல்லிட்டேன். இன்னா சார், கீரை நல்லாத்தான கீது, நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டா, நான் கதவைச் சாத்தினேன். அந்தப் பொம்பளை மேல எனக்கு என்ன கோவம், என் மேல இருந்த கோவம்தான். மூணு வாரம் வீட்டுல ஒரு பச்சை இலை இல்ல. மே மாசம் ஒரு காலையில அம்மா பல் விளக்கிட்டுத் துப்பினா ரத்தமா வருது, நிக்கல, முழங்கையில தொட்ட இடமெல்லாம் கருநீலம். டெஸ்ட்ல அஞ்சு புள்ளி ரெண்டு. கீரைய முழுசா நிறுத்தினதும் அதே மாத்திரை தலைக்கு மேல வேலை செஞ்சிருக்கு.

டாக்டரம்மா அன்னைக்குத்தான் நிஜமா கோவிச்சாங்க. சார், கீரை எதிரி இல்ல, நீங்க ஏத்தி இறக்கிறதுதான் எதிரி, வாரத்துக்கு இவ்வளவுன்னு ஒரு அளவு வெச்சுக்கங்க, அதைக் கூட்டவும் வேணாம் குறைக்கவும் வேணாம், அந்த அளவுக்குத் தக்க மாத்திரைய நான் பாத்துக்கிறேன்னாங்க. வாக்கிங் வர்ற சுப்பராமன், என்கூடக் கணக்கு வாத்தியாரா இருந்தாரே மயிலாப்பூர்க்காரர், அவர்கிட்ட இதைச் சொன்னேன். எங்காத்துல அகத்திக்கீரைன்னா துவாதசிக்குத் துவாதசிதான், ரொம்ப நன்னாருக்குன்னு நடுவுல ஒரு நாள் கேட்டாலும் கிடைக்காதுன்னார். முன்னெல்லாம் இதைக் கேட்டா கிண்டல் பண்ணுவேன், அன்னைக்குக் கேட்டுக்கிட்டு நடந்தேன். தேவானையத் தேடிக்கிட்டுப் போனா தெரு முனையில ஆளக் காணோம், லஸ் பக்கம் மாறிப் போயிருந்தா. போய் நின்னு நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுதும்மான்னேன். அவ கட்டுக்குத் தண்ணி தெளிச்சிக்கிட்டே, எங்க மாமியாருக்கும் அந்த மாத்திரதான் சார், நாலு வருசமா வாரத்துக்கு ரெண்டு நாளு ஒரு கிண்ணம்தான் போட்டுக்கினு இருக்கேன், நீ தினிக்கும் கட்டு கட்டா வாங்கினு போறப்ப வூட்ல ஆளு ஜாஸ்தின்னு நெனச்சிக்கினேன், ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னா. எனக்குத் தலை குனிஞ்சுடுச்சு. மூணு பேர் கிட்ட இருந்துச்சு இந்தச் சேதி, உன்கிட்ட, டாக்டர்கிட்ட, கீரை விக்கிறவகிட்ட. நான் ஒருத்தர்கிட்டயும் கேக்கல, கேட்டதையும் கேக்கல.

இப்ப புதன், ஞாயிறு ரெண்டு நாள், நீ சின்ன வயசுல பாயசம் குடிச்ச அந்த எவர்சில்வர் கிண்ணத்தால வெந்த கீரை ஒரு கிண்ணம், தட்டி அளந்து. வாரா வாரம் டெஸ்ட். மே கடைசியிலேர்ந்து ரெண்டு புள்ளி ஒன்பது, மூணு, ரெண்டு புள்ளி ஏழு, முந்தாநாள் திரும்ப ரெண்டு புள்ளி ஒன்பது. ஆகஸ்ட் முடிய இப்படியே நின்னா செப்டம்பர்ல உன் பிரசவத்துக்கு அம்மா ஃபிளைட் ஏறலாம், அங்க வந்த வாரமே டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. நிக்காட்டி அவ வர முடியாது, அதை இப்பவே உன்கிட்ட சொல்லிடறேன், அந்தக் குத்தமும் எனக்குத்தான் சேரும். இதை உனக்கு எழுதப்போறேன்னு நேத்து அம்மாகிட்ட சொன்னேன். எழுதுறதுக்கு முன்னாடி அவகிட்டயும் ஒப்புக்கணும்ல, ஜொவி அன்னைக்கே எச்சரிச்சா லூயிசா, நான் உன்கிட்ட மறைச்சுட்டேன்னேன். அவ துணி மடிச்சிக்கிட்டே, தெரியும், நீங்க ஸ்பீக்கர்ல போட்டுத்தானே பேசினீங்க, உள்ள இருந்த எனக்கும் கேட்டுச்சுன்னா. அதைக் கேட்டுட்டுமா தினம் சாப்பிட்டன்னேன். அவ அடுத்த துணிய எடுத்து உதறினா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்பதான் முதல் தடவ நீங்க பரிமாறி நான் உக்காந்து சாப்பிட்டேன், இன்னைக்கு வேணாம்னு சொன்னா நாளைக்கு நீங்க அடுப்படிக்கு வராம போயிட்டா, அதான் சொல்ல மனசு வரலன்னா. நான் மொட்டை மாடிக்குப் போய் அழுதேன் கண்ணு. அவளுக்கு வேணாம்னு சொல்லவே இடம் குடுக்காம நாப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், உன்னையும் அதே மாதிரி சிரிச்சே வாயடைச்சேன். என்னை மன்னிச்சுடு. ஆசிரியர்ங்கிற திமிரை இந்த வீட்டுக்குள்ள நான் செருப்பு மாதிரி வெளிய விட்டுட்டு வந்திருக்கணும்.

அம்மா சாப்பிடக் கூப்பிடறா, போய்ட்டு வந்து முடிக்கிறேன்.

சாப்பிட்டு வந்தாச்சு. நெத்திலிக் குழம்பு அவ, கீரை நான், இன்னைக்கு அரைக்கீரைப் பொரியல். கிண்ணத்துல அளந்து அவ தட்டுல கவுத்தேன். ஒரு வாய் வெச்சா, தட்டோட ஓரத்துக்குத் தள்ளினா. என்னன்னேன். பூண்டைக் கருக்கிட்டீங்க, கசக்குது, எனக்கு வேணாம்னா. சொல்லிட்டு என் மூஞ்சியப் பாக்காம சோத்தைப் பிசைஞ்சா, காது மட்டும் சிவந்திருந்துச்சு. டாக்டர் சொன்ன அளவு அளவுதானே, அதுல விட்டுக்குடுக்க முடியாது, நான் எழுந்து போய் மீதிக் கட்டை ஆய்ஞ்சு, அலசி, புதுசா பூண்டு உரிச்சு, அடுப்பைக் கம்மியா வெச்சு இன்னொரு தடவ பண்ணிக் கொண்டு வந்தேன். அரை மணிக்கு மேல ஆச்சு. அவ அது வரைக்கும் காஞ்ச கையோட உக்காந்திருந்தா. சாப்பிட்டுப் பாத்துட்டு, இப்ப பரவால்லன்னா. நல்லாருக்குன்னு சொல்லல, பரவால்லன்னுதான் சொன்னா, எனக்கு அது போதும்.

உடம்பைப் பாத்துக்க, இரும்பு மாத்திரைய மறக்காத, எலுமிச்சம்பழம் மறக்காத, டீ ஒரு மணி நேரம் கழிச்சு. அம்மா டெஸ்ட்டுக்கு அங்க எங்க போகணும்னு இப்பவே விசாரிச்சு வை. இந்தக் கடுதாசி கிடைச்சதும் போன் பண்ணு, என்னைத் திட்டணும்னு இருந்தா திட்டு, நான் ஸ்பீக்கர்லயே போட்டு வெச்சுக்கிறேன், அம்மாவும் கேக்கட்டும். உன்னையும் மாப்பிள்ளையையும் வரப்போற பிள்ளையையும் சேசுவும் மாதாவும் கையில ஏந்திக் காப்பாத்தட்டும்.

இப்படிக்கு
உன் பேச்சை இனிமே கேக்கப்போற அப்பா,
ஆரோக்கியநாதன்